மிஸ் ரிவர்ஸின் வாகனம்: ஒரு தாதியின் கடமை யாருக்கு?

மருத்துவ நெறிமுறை எண்டு கதைக்கத் தொடங்கினால் எங்கள் எல்லாருக்கும் முதலில் ஞாபகம் வாறது டொக்டர்மார்தான். ஹிப்போகிரட்டீஸின் சத்தியம், கழுத்தில் ஸ்டெதஸ்கோப், இல்லாட்டி நியூரெம்பேர்க் நீதிமன்றத்தில் குற்றவாளிக் கூண்டில் நின்ற நாஸி வைத்தியர்கள். ஆனால் ஒரு வைத்தியசாலை டொக்டர்மாரால் மட்டும் ஓடுவதில்லை. தாதியர், மருந்தாளர், ஆய்வுகூடப் பணியாளர், மருத்துவிச்சி, சிற்றூழியர் எண்டு எத்தனையோ கைகள் அதில இருக்கு. மேலிருந்து வருகிற கட்டளை நோயாளிக்கே எதிரானதாக இருந்தால் இந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர் என்ன செய்ய வேண்டும்? சட்டம் அவர்களிடம் எதை எதிர்பார்க்கிறது? சட்டம் வாய் திறக்காத இடத்தில் மனச்சாட்சி எதைக் கேட்கிறது?

இந்தக் கேள்வியைக் கோட்பாடாகப் பேசினால் எல்லாரும் சரியான விடையைச் சொல்லிவிடுவோம். ஒரு மனிசியின் வாழ்க்கையில் வைத்துப் பார்த்தால்தான் அது எவ்வளவு கஷ்டமான கேள்வி எண்டு தெரியும். அந்த மனிசி அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் வேலை செய்த கறுப்பினத் தாதி யூனிஸ் ரிவர்ஸ்.

பருத்திக் காட்டில் ஒரு 'ஆய்வு'

அலபாமாவின் மேக்கன் கவுண்டி பருத்தி விளையும் பூமி. 1930களில் அங்கே பெரும்பான்மையாக இருந்தவர்கள் கறுப்பின மக்கள். அவர்களில் அநேகமானோர் வெள்ளைக்கார முதலாளிகளின் நிலத்தில் வாரத்துக்குப் பயிர் செய்தவர்கள். அடிமை முறை சட்டத்தில் ஒழிந்து அறுபது வருடம் தாண்டியும் கடன் அவர்களை அதே நிலத்தில்தான் கட்டி வைத்திருந்தது. வாழ்நாளில் ஒரு டொக்டரைக் கண்ணால் காணாதவர்கள் ஏராளம்.

1920களின் கடைசியில் ரோசன்வால்ட் நிதியம் என்ற அறக்கட்டளையும் அமெரிக்கப் பொதுச் சுகாதார சேவையும் சேர்ந்து தென் மாநிலங்களின் ஆறு கவுண்டிகளில் சிபிலிஸ் நோயைக் கண்டறிந்து சிகிச்சை கொடுக்கும் திட்டம் ஒன்றை நடத்தின. சிபிலிஸ் எண்டால் பாலியல் தொடர்பால் பரவுவது. எங்கட பழைய ஆக்கள் மேகநோய் எண்டு சொல்லுவினம். சிகிச்சை இல்லாமல் விட்டால் வருடங்கள் கழித்து இதயத்தை, மூளையை, கண்ணைத் தாக்கும். பரிசோதிக்கப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்கு மேக்கனில் இந்த நோய் இருந்தது. அந்த நேரம் பார்த்து 1929 பொருளாதார வீழ்ச்சி வந்தது. நிதியம் கையை விரித்தது. சிகிச்சைத் திட்டம் நின்றது.

காசு இல்லாமல் போன இடத்தில் பொதுச் சுகாதார சேவையின் அதிகாரி டலியஃபெரோ கிளார்க்குக்கு வேறொரு யோசனை வந்தது. சிகிச்சை கொடுக்க வழியில்லை. அப்படியெண்டால் சிகிச்சை இல்லாமல் இந்த நோய் கறுப்பின ஆண்களின் உடம்பில் எப்படி வளருகிறது எண்டு பார்ப்பம். 1932இல் வேலை தொடங்கியது. ஒரு வருடம்கூட நீடிக்காத சின்ன ஆய்வு என்றுதான் முதலில் திட்டம். 1933இல் அவருடைய இடத்துக்கு வந்த ரேமண்ட் வொண்டர்லேர் அதைத் தொடர முடிவு செய்தார். எதுவரைக்கும்? அந்த ஆண்கள் சாகும்வரைக்கும். செத்த பிறகு உடலைத் திறந்து பார்ப்பதில்தான் ஆய்வு முடியும்.

நோயுள்ள 399 பேர், ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத 201 பேர், மொத்தம் 600 ஆண்கள். ஒருவருக்கும் நோயின் பெயர் சொல்லப்படவில்லை. 'கெட்ட இரத்தம்' எண்டு மட்டும் சொன்னார்கள். அந்தப் பகுதியில் களைப்பு, சோகை, தலைச்சுற்று எல்லாத்துக்கும் பாவிக்கிற பொதுப்பெயர் அது. முள்ளந்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்தது நோயைப் படிக்கிறதுக்கு. ஆனால் அந்த ஆண்களுக்குப் போன கடிதத்தில் அது விசேடமான இலவச சிகிச்சை என்று இருந்தது. ஆரம்பத்தில் குணமாக்கப் போதாத அளவில் கொஞ்சம் மருந்து கொடுத்தார்கள். பிறகு அஸ்பிரினும் இரும்புச்சத்து மருந்தும்தான்.

இங்கே ஒரு விசயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சமூக ஊடகங்களில் அடிக்கடி வருவதுபோல டஸ்கீகியில் யாருக்கும் நோயை ஊசி மூலம் ஏற்றவில்லை. (அதே பொதுச் சுகாதார சேவை 1946 முதல் 1948 வரை குவாத்தமாலாவில் அதையும் செய்தது, 2010இல்தான் அது வெளியில் வந்தது.) டஸ்கீகியில் நடந்தது, ஏற்கனவே இருந்த நோயைச் சிகிச்சை இல்லாமல் வளர விட்டுப் பார்த்தது. அதுக்காகக் குற்றம் சின்னதாகிவிடாது. ஆனால் மிகைப்படுத்தாமல் சொன்னால்தான் அதன் உண்மையான கொடுமை விளங்கும். அங்கே யாரும் வெறியோட ஒண்டும் செய்யேல்ல. எல்லாம் ஒழுங்காக, கோவை போட்டு, நாற்பது வருடம் நடந்தது.

அந்த வாகனம்

யூனிஸ் ரிவர்ஸ் 1899இல் ஜோர்ஜியாவில் பிறந்தவர். 1922இல் டஸ்கீகி கல்லூரியின் தாதியர் பாடசாலையில் படித்து முடித்தார். பிறகு கிராமம் கிராமமாகப் போய்க் கறுப்பின ஏழைக் குடும்பங்களுக்குச் சுகாதாரம் சொல்லிக் கொடுத்தவர். பொருளாதார நெருக்கடியில் அந்த அரச வேலை போனது. 1932இல் ஆய்வுக்கு ஒரு தாதி தேவைப்பட்டபோது டஸ்கீகி கல்லூரி வைத்தியசாலையின் தலைவரும் கறுப்பினத்தவருமான டொக்டர் யூஜின் டிபிள் அவருடைய பெயரைச் சொன்னார்.

வாஷிங்டனிலிருந்து வரும் வெள்ளைக்கார டொக்டர்மார் மாறிக்கொண்டே இருந்தார்கள். வருடத்தில் கொஞ்ச நாள் வந்து இரத்தம் எடுத்துப் போட்டுப் போவார்கள். மாறாமல் இருந்தது ரிவர்ஸ் ஒருவர்தான். எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், யாருக்கு மூட்டுவலி, யாரின்ர மனைவி செத்துப்போனா எண்டு அவருக்குத் தெரியும். அரசாங்க முத்திரை பதித்த வாகனத்தில் அந்த ஆண்களை வீட்டு வாசலில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டு போய்த் திரும்ப விடுவார். நாள் முழுக்க வயலில் குனிந்து நிற்கிற ஒரு கறுப்பின மனிதனுக்கு அந்த வாகனத்தில் ஏறிப் போறது சின்னப் பெருமை இல்லை. போகிற வழியில் பகிடி, ஊர்க்கதை. சூடான சாப்பாடும் கிடைக்கும்.

இறந்த பிறகு உடலைத் திறந்து பார்க்கச் சம்மதித்தால் மில்பாங்க் நினைவு நிதியம் அடக்கச் செலவுக்குச் சுமார் 50 டொலர் கொடுத்தது. மரியாதையாக அடக்கம் செய்யக் காசில்லாத குடும்பங்களுக்கு அது பெரிய தொகை. குடும்பங்களிடம் போய்ச் சம்மதம் கேட்டதும் ரிவர்ஸ்தான். சாவு வீட்டில் அவரும் இருந்து அழுதிருக்கிறார். முதல் இருபது வருடத்தில் மறுத்தது ஒரேயொரு குடும்பம்தான் எண்டு, அவருடைய பெயரை முதலில் போட்டு 1953இல் வெளிவந்த மருத்துவக் கட்டுரை பெருமையாகவே சொல்கிறது. இந்தக் கூட்டத்துக்கு ஊரில ஒரு பட்டப்பெயர்கூட இருந்தது: மிஸ் ரிவர்ஸின் சங்கம்.

ஆக, ஆய்வைக் கட்டி வைத்திருந்தது விஞ்ஞானமோ காசோ மட்டும் இல்லை. அந்தச் சனம் ஒரு தாதி மேல் வைத்திருந்த நம்பிக்கை. அவர் தங்கட ஆள் எண்டதால வந்த நம்பிக்கை. எங்கட ஊர் கிளினிக்குகளில் டொக்டர் சொன்னது விளங்காமல் வெளியில வந்து மிஸ்ஸியிட்ட மெதுவாகக் கேட்கிற அம்மாமாரை நினைத்துப் பாருங்கோ. அந்த மிஸ்ஸி சொன்னால் அது சரியாத்தான் இருக்கும். மேக்கனில் அந்த நம்பிக்கையையே ஆய்வு தன் கருவியாக எடுத்துக்கொண்டது.

1947: ஒரே வருடத்தில் இரண்டு விசயம்

1943இல் பெனிசிலின் சிபிலிஸைக் குணமாக்கும் எண்டு கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர் வேறு யாருமில்லை, அதே அமெரிக்கப் பொதுச் சுகாதார சேவையைச் சேர்ந்த வைத்தியர் ஜோன் மஹோனி. 1947 ஆகும்போது அதுவே வழமையான சிகிச்சை ஆகிவிட்டது. சில ஊசிகளோட தீருகிற வருத்தம். மேக்கன் ஆண்களுக்கு அது கொடுக்கப்படவில்லை. வேறு வருத்தங்களுக்குப் போன இடத்தில் தற்செயலாகப் பெனிசிலின் போடப்பட்டவர்கள் இருந்தார்கள். ஆய்வுக்காரர் பார்வையில் அது ஒரு இடைஞ்சல்.

சட்டம் அப்போது என்ன சொன்னது? இதைக் கேட்கிறது முக்கியம். ஏனெண்டால் 'அந்தக் காலத்தில் அதெல்லாம் சட்டப்படி சரிதானே' எண்டு சொல்லித் தப்பிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. 1943இல் அலபாமா மாநிலம் ஹென்டர்சன் சட்டம் என்ற ஒன்றை நிறைவேற்றியது. பாலியல் நோய்களுக்குப் பரிசோதனையும் சிகிச்சையும் கட்டாயம் எண்டது அந்தச் சட்டம். அதாவது சிகிச்சை கொடுக்காமல் விட்டது மாநிலத்தின் சொந்தச் சட்டத்துக்கே எதிரானது. இன்னுமொன்று. இரண்டாம் உலகப்போரில் ஆள் சேர்ப்பு நடந்தபோது, இந்த ஆண்களில் சிலருக்குச் சிகிச்சை எடுக்கச் சொல்லி உத்தரவு போனது. உடனே பொதுச் சுகாதார சேவை 256 பேரின் பெயர்ப் பட்டியலைக் கொடுத்து, இவர்களுக்குச் சிகிச்சை வேண்டாம் என்று கேட்டது. ஆள் சேர்ப்புச் சபையும் ஒத்துக்கொண்டது. ஆகவே அவர்களுக்குச் சட்டம் தெரியாமல் இருக்கவில்லை. சட்டம் தங்கட ஆய்வுக்குள் வராமல் பார்த்துக்கொண்டார்கள்.

இரண்டாவது விசயம் நியூரெம்பேர்க். 1946 டிசம்பர் 9இல் தொடங்கி 1947 ஓகஸ்ட் 20இல் தீர்ப்பு வந்த வைத்தியர் வழக்கில் 23 பேர் குற்றஞ்சாட்டப்பட்டனர். அதில் 20 பேர் வைத்தியர்கள். 16 பேர் குற்றவாளிகளாகக் காணப்பட்டு 7 பேர் தூக்கிலிடப்பட்டனர். அந்தத் தீர்ப்பில்தான் மனிதர்கள் மேல் செய்யும் பரிசோதனைகளுக்கான பத்து விதிகள் எழுதப்பட்டன. நியூரெம்பேர்க் நெறி எண்டு நாங்கள் சொல்றது அதைத்தான்.

முதல் விதி எல்லாருக்கும் தெரியும்: சம்பந்தப்படுபவரின் சுயவிருப்பச் சம்மதம் கட்டாயம். பலர் கவனிக்காதது அந்த விதியின் பின்பகுதி. அந்தச் சம்மதம் ஒழுங்கானதா எண்டு உறுதிப்படுத்துகிற கடமை ஆய்வைத் தொடங்குபவர், நடத்துபவர், அதில் ஈடுபடுபவர் ஒவ்வொருவரின் தலையிலும் இருக்கிறது; அது தனிப்பட்ட பொறுப்பு, இன்னொருவரின் தலையில் கட்டிவிட்டுத் தப்ப முடியாது எண்டு அது சொல்கிறது. ஈடுபடுபவர் என்றால் டொக்டர் மட்டும் இல்லை. ஊசியை எடுத்துக் கொடுக்கிறவரும், வாகனத்தை ஓட்டுகிறவரும்தான்.

அந்தத் தீர்ப்பை எழுதியவர்கள் அமெரிக்க நீதிபதிகள். அவர்கள் எழுதிக்கொண்டிருந்த அதே வருடம் அலபாமாவில் வாகனம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதுக்குப் பிறகும் 25 வருடம் ஓடியது. நியூரெம்பேர்க் நெறி காட்டுமிராண்டிகளுக்கு எழுதினது, எங்களுக்கு இல்லை எண்டுதான் அமெரிக்க மருத்துவ உலகத்தில் பலர் எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் எந்தச் சட்டப் புத்தகத்திலும் அது ஏறவும் இல்லை.

கீழ்ப்படிதல் ஒரு ஒழுக்கமாக இருந்த காலம்

இப்ப ரிவர்ஸிடம் திரும்புவோம். அவர் ஏன் 'இல்லை' எண்டு சொல்லவில்லை?

அவர் படித்த காலத்துத் தாதியர் கல்வியைப் பார்த்தால் ஒரு பகுதி விடை கிடைக்கும். 1893இல் டெட்ரோயிட் நகரில் எழுதப்பட்ட நைட்டிங்கேல் உறுதிமொழி, வைத்தியரின் பணியில் அவருக்கு விசுவாசமாகத் துணை நிற்பேன் எண்டு தாதியைச் சத்தியம் பண்ண வைத்தது. 1953இல் சர்வதேச தாதியர் சபை முதன்முதலாக வெளியிட்ட நெறிக்கோவையும் வைத்தியரின் கட்டளையைப் புத்தியோடும் விசுவாசத்தோடும் நிறைவேற்றுவதை ஒரு கடமையாகச் சொன்னது. நெறிமுறைக்கு மாறான காரியத்தில் சேராமல் இருக்க வேண்டும் எண்டும் அதே இடத்தில் சொன்னது. இரண்டையும் ஒரே வசனத்தில் வைத்தால், இரண்டும் மோதுகிற நாளில் தாதி எதைப் பிடிப்பது? நோயைக் கண்டுபிடிப்பதும் சிகிச்சையைத் தீர்மானிப்பதும் டொக்டரின் வேலை, தாதியின் வேலை இல்லை எண்டுதான் தனக்குப் படிப்பித்தார்கள் எண்டு ரிவர்ஸும் பின்னர் சொன்னார்.

இதோட அவர் ஒரு பெண். கறுப்பினப் பெண். 1930களின் அலபாமாவில் வெள்ளைக்கார அரசாங்க டொக்டரை எதிர்த்து ஒரு கறுப்பினத் தாதி வாய் திறந்தால் என்ன நடந்திருக்கும் எண்டு சொல்லத் தேவையில்லை. அவருக்கு மேலே இருந்த கறுப்பின ஆண் வைத்தியர்களே ஒத்துழைத்தார்கள். அவர் கண்ட பழைய சிகிச்சையும் லேசானதில்லை. பாதரசமும் ஆர்சனிக்கும் உடம்பை வாட்டியெடுத்தன. டொக்டரே எட்டிப் பார்க்காத ஊரில் வருடம் ஒருக்காவது இதயத்தை, இரத்த அழுத்தத்தைப் பார்க்கிறார்களே, அதுவே பெரிய விசயம் எண்டு அவர் நம்பினார். பிந்திய நேர்காணல்களிலும் அவர் இதைத்தான் சொல்லித் தன்னை நியாயப்படுத்தினார்.

வரலாற்றாசிரியர் சூசன் ஸ்மித் 1996இல் எழுதிய கட்டுரைத் தலைப்பிலேயே ரிவர்ஸ் பலியானவரும் இல்லை, வில்லியும் இல்லை எண்டு சொன்னார். 1997இல் வந்த 'மிஸ் எவர்ஸ் போய்ஸ்' படம் ரிவர்ஸின் கதையை வேறு பெயரில் சொல்கிறது. அதில வாற தாதி குற்ற உணர்வில் உருகுகிறா. படம் பார்க்கிற எங்களுக்கும் அவவில பரிதாபம் வருது.

நான் பரிதாபத்தோட நிற்க விரும்பவில்லை. 1932இன் ரிவர்ஸை விளங்கிக்கொள்ள முடிகிறது. 1952இன் ரிவர்ஸை விளங்கிக்கொள்கிறது கஷ்டம். அப்போது பெனிசிலின் வந்து வருடக்கணக்காகிவிட்டது. 1958இல் அவருக்கு அரசாங்கத்தின் விருது கிடைத்தது. அதே வருடம் ஆய்வில் இருந்த ஆண்களுக்கு 25 வருடச் சேவைக்காக ஒரு சான்றிதழும், வருடத்துக்கு ஒரு டொலர் கணக்கில் 25 டொலரும் கொடுத்தார்கள். அன்பு இருந்தது, உண்மைதான். ஆனால் நோயாளிக்குத் தேவைப்பட்டது அன்பு மட்டும் இல்லை. தன் உடம்பில் என்ன இருக்கிறது, அதுக்கு மருந்து இருக்கிறதா என்ற தகவல் தேவைப்பட்டது. அவர்களின் மனைவிமாருக்கும் அது தேவைப்பட்டது. அன்பு காட்டிக்கொண்டே தகவலை மறைத்தால், அந்த அன்பே மறைக்கிற திரையாகிவிடும்.

ஆனாலும் எல்லாப் பழியையும் ரிவர்ஸில போடுகிறது இன்னொரு ஏமாற்று. இந்த ஆய்வு எப்படிப் பிரிக்கப்பட்டிருந்தது எண்டு பாருங்கோ. முடிவெடுத்தவர்கள் வாஷிங்டனிலும் பிறகு அட்லாண்டாவிலும் இருந்தார்கள். அவர்கள் அந்த மனிதர்களின் முகத்தைக் காணவில்லை. முகத்தை ஒவ்வொரு நாளும் கண்டவர் ரிவர்ஸ். அவருக்கு முடிவெடுக்கும் உரிமை இல்லை எண்டு சொல்லி வைத்திருந்தார்கள். தெரிந்தவருக்கு அதிகாரம் இல்லை, அதிகாரம் உள்ளவருக்குத் தெரியத் தேவையில்லை. பொறுப்பை இப்படித் துண்டு துண்டாக வெட்டினால் கடைசியில் ஒருவர் கையிலும் அது இருக்காது. நியூரெம்பேர்க்கின் முதல் விதி தடுக்க நினைத்தது இதைத்தான்.

வாய் திறந்தவர்கள்

இந்த ஆய்வு இரகசியமாக நடக்கவில்லை. 1936 முதலே மருத்துவ இதழ்களில் கட்டுரைகள் வந்தன. ஆயிரக்கணக்கான டொக்டர்மார் வாசித்திருப்பார்கள். 1965இல் டெட்ரோயிட்டைச் சேர்ந்த இளம் இதய வைத்தியர் இர்வின் ஷாட்ஸ் அப்படியொரு கட்டுரையை வாசித்து அதிர்ந்துபோய், கட்டுரையாசிரியருக்குச் சில வரிகளில் கடிதம் எழுதினார். நல்ல சிகிச்சை இருக்கும்போது நோயாளிகளைச் சிகிச்சையில்லாமல் விடுவதை எப்படி நியாயப்படுத்துகிறீர்கள் எண்டு கேட்டார். பதில் வரவில்லை. பதில் எழுதும் எண்ணம் இல்லை எண்ட குறிப்போட அந்தக் கடிதம் கோவையில் போடப்பட்டது.

அதுக்குப் பிறகு வந்தவர் பீட்டர் பக்ஸ்டன். டொக்டர் இல்லை, தாதி இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் பொதுச் சுகாதார சேவைக்காகப் பாலியல் நோயாளிகளை நேர்கண்டு, நோய் யாரிடமிருந்து யாருக்குப் போனது எண்டு தேடும் கீழ்மட்ட ஊழியர். பிராகாவில் பிறந்தவர், தகப்பன் யூதர், குழந்தையாக இருந்தபோதே குடும்பம் நாஸிகளுக்குத் தப்பி அமெரிக்காவுக்கு வந்தது. வேலையிடத்தில் பேச்சுவாக்கில் டஸ்கீகி பற்றிக் கேள்விப்பட்டு, அறிக்கைகளை எடுத்து வாசித்தார். 1966இல் மேலிடத்துக்கு எழுதினார். அட்லாண்டாவுக்குக் கூப்பிட்டு அவரை ஏசி அனுப்பினார்கள். மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட 1968இல் திரும்ப எழுதினார். 1969இல் ஒரு குழு கூடி ஆராய்ந்தது. ஆய்வைத் தொடரலாம் எண்டு முடிவெடுத்தது. மேக்கன் உள்ளூர் வைத்தியர் சங்கமும் ஆதரவு கொடுத்தது. அந்த நேரம் அதில் பெரும்பான்மை கறுப்பின வைத்தியர்கள். இன வெறுப்பு மட்டும் இதை விளக்காது எண்டதுக்கு இது ஒரு சாட்சி. வைத்தியத் தொழிலின் படிநிலையும் சேர்ந்துதான் வேலை செய்தது.

கடைசியில் பக்ஸ்டன் ஒரு பத்திரிகையாளரிடம் சொன்னார். 1972 ஜூலை 25இல் அசோசியேட்டட் பிரஸ் நிருபர் ஜீன் ஹெல்லரின் செய்தி வந்தது. அடுத்த நாள் நியூயோர்க் டைம்ஸின் முதல் பக்கம். அந்த வருடம் முடியுமுன் நாற்பது வருட ஆய்வு நிறுத்தப்பட்டது.

சட்டம் என்ன செய்தது?

1973இல் ஃபிரெட் கிரே என்ற வழக்கறிஞர் அந்த ஆண்களுக்காக வழக்குப் போட்டார். ரோசா பார்க்ஸுக்காக வாதாடியவரும் அவர்தான். அவர் ரிவர்ஸையோ டஸ்கீகியின் கறுப்பின வைத்தியர்களையோ பிரதிவாதிகளாகச் சேர்க்கவில்லை. 1974இல் அரசாங்கம் 10 மில்லியன் டொலர் கொடுத்து வழக்கைச் சமரசமாக முடித்தது. உயிரோடிருந்த நோயாளி ஒருவருக்கு 37,500 டொலர் கிடைத்தது. குற்றவியல் வழக்கு ஒருவர் மீதும் இல்லை. ஒருவரும் ஒரு நாள்கூட மறியலில் இருக்கவில்லை.

இது அமெரிக்காவில் மட்டும் நடந்த கதை இல்லை. நாஸி ஆட்சியில் மெசெரிட்ஸ்-ஒப்ராவால்டே மனநல வைத்தியசாலையில் நோயாளிகளை மருந்து கொடுத்துக் கொன்ற வழக்கில், 1965இல் மியூனிக்கில் 14 தாதியர் நிறுத்தப்பட்டார்கள். கட்டளையைத்தான் செய்தோம் எண்டார்கள். 14 பேரும் விடுதலை. கீழ்மட்டப் பணியாளரின் குற்றத்தை எப்படி அளப்பது எண்டு நீதிமன்றங்களுக்கே தெளிவில்லாமல் இருந்தது.

ஆனால் டஸ்கீகிக்குப் பிறகு சில விசயங்கள் மாறின. 1974இல் அமெரிக்காவில் தேசிய ஆய்வுச் சட்டம் வந்தது. 1979இல் வந்த பெல்மொண்ட் அறிக்கை மூன்று அடிப்படைகளைச் சொன்னது: மனிதரை மதித்தல், நன்மை செய்தல், நீதி. கலைப்பீடத்தில் ஆய்வுக் கட்டுரை செய்கிற எங்களிடம் நேர்காணலுக்கு முன் சம்மதப் படிவம் எங்கே எண்டு கேட்கிறார்களே, அந்தப் படிவத்தின் பரம்பரையைத் தேடிப்போனால் நியூரெம்பேர்க்கும் மேக்கனும் வரும். தாதியரின் நெறிக்கோவையும் மாறியது. 1973இல் சர்வதேச தாதியர் சபை அதைத் திருத்தி எழுதியது. வைத்தியருக்கு விசுவாசம் எண்ட வரி போனது. தாதியின் முதல் பொறுப்பு, பராமரிப்புத் தேவைப்படும் மனிதர்களுக்கே எண்டு வந்தது.

ஒரு வரி மாறினது பெரிய விசயமா எண்டு கேட்கலாம். எனக்குப் பெரிய விசயம்தான். கட்டளையை மறுக்கிற தாதி அதுவரைக்கும் தன் தொழில் ஒழுக்கத்தை மீறியவள். அந்த வரிக்குப் பிறகு, நோயாளிக்கு எதிரான கட்டளையை நிறைவேற்றுகிற தாதிதான் மீறியவள். சட்டத்தாலும் நெறிக்கோவையாலும் ஒருவருக்குத் துணிவைக் கொடுக்க முடியாது. ஆனால் துணிந்து நிற்கிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு தூணைக் கொடுக்கலாம். ரிவர்ஸுக்கு அந்தத் தூண் இருக்கவில்லை.

படிவங்கள் மட்டும் போதும் எண்டும் நினைக்க முடியாது. உடலைத் திறக்கிறதுக்கு மேக்கன் குடும்பங்களிடம் ஒழுங்காகச் சம்மதம் வாங்கினார்கள்தானே! சம்மதம் இருந்தது, தகவல் இருக்கவில்லை. சம்மதம் எண்டது விளங்கிக்கொண்ட ஒரு மனிதரின் 'ஓம்'. அந்த மனிதருக்கு விளங்கிற பாஷையில், பயமில்லாமல் 'இல்லை' எண்டும் சொல்லக்கூடிய இடத்தில் வைத்துக் கேட்டால்தான் அது சம்மதம். அந்த இடத்தில் நோயாளிக்குப் பக்கத்தில் நிற்பது அநேகமாக டொக்டர் இல்லை, தாதிதான்.

1997 மே 16இல் ஜனாதிபதி கிளின்டன் வெள்ளை மாளிகையில் மன்னிப்புக் கேட்டார். அப்போது உயிரோடிருந்தவர்கள் 8 பேர். 5 பேரால் வர முடிந்தது. ரிவர்ஸ் 1986இலேயே இறந்துவிட்டார். பக்ஸ்டன் 2024இல் இறந்தார்.

எங்களோட ஏ.எல். படித்த எத்தனையோ பேர் இப்போது தாதியர் கல்லூரிகளிலும் மருத்துவ ஆய்வுகூடங்களிலும் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் அநேகமானோர் ஷாட்ஸாகவோ பக்ஸ்டனாகவோ ஆகத் தேவை வராது; வரவும் வேண்டாம். ஆனால் ஒரு நோயாளி கையைப் பிடித்து 'எனக்கு என்ன வருத்தம் பிள்ளை?' எண்டு கேட்கிற நாள் எல்லாருக்கும் வரும். மேக்கனில் அந்த 399 பேருக்கும் அதுக்குக் கிடைத்த விடை 'கெட்ட இரத்தம்' மட்டும்தான்.